கால் பெருவிரலில் ஒரு நூல்

சனிக்கிழமை விடிகாலை நுவரெலியாவில் பஸ் ஏறும்போது குளிருக்கு மூன்று உடுப்புப் போட்டிருந்தேன். கண்டியில் ஒன்றைக் கழற்றினேன், மதவாச்சியில் இன்னொன்றை. முருங்கனில் தேத்தண்ணீர் குடிக்க இறங்கியபோது மூன்றாவதும் வியர்வையில் நனைந்துவிட்டது. கையில் ஒரு பிஸ்கட் பெட்டி. உள்ளே சின்னத் தூண்டில் முட்கள், இறகு, பட்டு நூல், செப்புக் கம்பி.

ட்ரவுட் மீன் பிடிக்க வருகிறவர்களுக்கு நான் நிம்ஃப் கட்டிக் கொடுக்கிறவன். ஓடையடிக் கற்களில் ஊரும் பூச்சிக் குஞ்சைப்போல, முள்ளில் இறகையும் நூலையும் சுற்றிக் கட்டும் தூண்டில் அது. சென்ற மழைக்காலத்துப் பக்கவாதத்தில் என் இடக்கை பிடிப்பை இழந்தது. இறகைப் பிடித்தால் நழுவும். ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்த தாதி, மன்னார்ப் பக்கத்து மீனவ ஊரான பேசாலையில் தன் அக்கா பிலோமினா, கும்பளா மீன் பிடிக்க இறகுத் தூண்டில் கட்டுவதாகச் சொன்னார். புதுமுறை படிக்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிக்கொண்டேன். உண்மையில், பெட்டியை அவரிடமே ஒப்படைத்து, இனி நீங்களே கட்டித் தாருங்கள் என்று சொல்லி, தொழிலுக்கு ஒரு கும்பிடு போடத்தான் வந்தேன்.

மன்னார் நகரிலிருந்து பேசாலைக்குப் பதினாறு கிலோமீட்டர் அளவு. ஓட்டோவுக்கு இரண்டாயிரம் ரூபாய். பெட்டிக்குள் என்ன என்று சாரதி கேட்டார். சொன்னேன்.

“பேசாலைக்கே தூண்டில் கொண்டு போறீங்களோ?” என்றார். வழி முழுக்கச் சிரித்துக்கொண்டே ஓட்டினார்.

பிலோமினா வீட்டில் அன்றிரவு சாப்பிட்டுப் படுத்தேன். ஞாயிறு காலை அவர் தேவாலயத்தில் பூசை முடிந்து வரும்போது, முள்ளைப் பிடிக்கும் இடுக்கியை மேசையில் பூட்டிக் காத்திருந்தேன்.

“நீங்க ரெண்டு கட்டிக் காட்டுங்க. நான் பாத்துக்கிறேன்.”

“இண்டைக்கு ஞாயிறெல்லோ அண்ணை. கடலுக்கும் போறதில்லை, தொழில் சாமானிலை கை வைக்கிறதுமில்லை.”

“நாளைக்குக் காலைல எனக்கு பஸ்.”

“அப்ப நீங்கள்தான் கட்டோணும். நீங்கள் சைவ சமயம்தானே, உங்களுக்குத் தடையில்லை. நான் சொல்லித் தாறன். வாய்க்கு லீவில்லை.”

எனக்குக் கோபம் வந்தது. கை வராதவனைப் பார்த்துக் கட்டு என்றால்? ஆனாலும் விருந்தாளி அதை முகத்தில் காட்ட முடியுமா? அவர் சொன்னபடி இடுக்கியை ஒதுக்கிவிட்டு நிலத்தில் உட்கார்ந்தேன். அங்கே கிழிந்த வலை பொத்துகிறவர்கள் கால் பெருவிரலில் வலையைக் கொளுவி இழுத்துப் பிடிப்பார்கள். தூண்டில் கட்டவும் அதே பெருவிரல்தான்.

“நூலைக் கால் விரலிலை முடியுங்கோ. முள்ளையும் இறகையும் வலக்கையிலை சேத்துப் பிடியுங்கோ. நூலைச் சுத்தாதேங்கோ, முள்ளைச் சுத்துங்கோ.”

முதலாவது அவிழ்ந்து விழுந்தது. இரண்டாவதில் இறகு நழுவியபோது, மடியில் கோத்து வைத்திருந்த பிலோமினாவின் கை நீண்டு வந்து, பாதியில் நின்று, திரும்பிப் போனது.

“காலை நீட்டுங்கோ. நூல் தளருது.”

நீட்டினேன். முள்ளை உருட்ட உருட்ட நூல் விறைப்பாக வந்து இறகின்மேல் படிந்தது. இடக்கை செய்ய வேண்டியதைக் கால் செய்தது. கோணல் நிம்ஃப்தான், ஆனால் இழுத்துப் பார்த்தேன், அவிழவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவும் இல்லை.

பிலோமினா குனிந்து பார்த்தார். “கொஞ்சம் மினுக்கம் வையுங்கோ. இந்தக் கறுப்பை எந்த மீன் பாக்கும்?”

“எங்க மீன் மினுக்கத்தைக் கண்டா ஓடிரும்.”

“அப்ப சரியான பயந்த மீன்தான்.”

திங்கள் காலை பஸ்ஸுக்குப் புறப்படும்போது பெட்டியைக் காட்டிக் கேட்டார்: “வைச்சிட்டுப் போறீங்களோ? இண்டைக்கு நான் கட்டலாம்.” தாதி தங்கை என் எண்ணத்தை ஊகித்துச் சொல்லியிருக்க வேண்டும்.

“இல்ல பிலோமினா. கொண்டு போறேன்.”

பேசாலையில் வெறுங்காலோடு இருப்பதில் ஒரு சிரமமும் இல்லை. நுவரெலியாவின் சீமெந்துத் தரை குளிரில் கடிக்கிறது. இடக்காலில் மேஸ் என்கிற காலுறையைப் போட்டு, வலக்கால் பெருவிரலில் நூலை முடிந்து, தினமும் கட்டுகிறேன். ஞாயிறு மட்டும் இரண்டு காலிலும் மேஸ் போட்டுக்கொள்கிறேன். அன்றைக்குப் பெட்டியைத் திறப்பதில்லை.