கிளிப் போட்ட மீன்காரம்மா

தூக்கலான முன்பல்லுக்குக் கிளிப் போட்டுக்கொள்ள, ஐம்பது வயதில் தாம்பரத்துப் பல் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். உள்ளே யாரோ "ஆ!" என்றார்கள். உடனே எனக்கு ஒரு அவசர போன் வந்துவிட்டது. அதைக் காதில் வைத்தபடி வாசலுக்கு நழுவினேன்.

"இன்னா சார், மணியே அடிக்கல, அலோ அலோன்னுகினு ஓடுற?"

வாசல்படியில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா கேட்டார். கேளம்பாக்கத்தில் மீன் விற்கிறவராம். என்னைவிட மூத்தவர். அகலமான குங்குமப் பொட்டு, காலடியில் காலிக் கூடை. சிரித்தபோது பல் வரிசை முழுக்கக் கம்பி மின்னியது.

"ரொம்ப வலிக்குமாம்மா?"

"வலிக்காம இன்னா? ரெண்டு நாளு கஞ்சிதான். இத பாரு."

மீனின் செவுளைத் திறந்து காட்டுகிற அதே பழக்கத்தில், தன் மேலுதட்டை விரலால் தூக்கிக் காட்டினார். நானும் வாங்க வந்தவன் மாதிரி குனிந்து பார்த்தேன்.

"இந்த வயசுல எதுக்கும்மா இதெல்லாம்?"

"நீ எதுக்கு வந்தியோ, அதுக்குத்தான்!"

தெருவுக்கே கேட்கும்படி சிரித்தார். வாயை மூடிக்கொள்ளவே இல்லை.

நான் திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். சரியாக மெல்ல முடியவில்லை என்றுதான் வீட்டில் புளுகியிருந்தேன். போட்டோவில் பல் தெரியச் சிரிக்க ஆசைப்பட்டு வந்தவன் என்பதை அந்த அம்மா எப்படித்தான் கண்டுபிடித்தாரோ!