முகம் பார்த்துச் சொன்ன சாரி

சிட்னிக்கு வந்த பிறகு எனக்கு நல்லது செய்தவர்கள் நிறையப் பேர். வாடகைக்கு வீடு பிடித்துக் கொடுத்தவர்கள், முதல் வேலைக்குச் சிபாரிசு செய்தவர்கள், பிரசவத்துக்கு ரசம் கொண்டு வந்தவர்கள். அவர்களையெல்லாம் விட நான் அதிகம் நினைத்துக்கொள்வது, என்னை ஒரு துப்பாக்கி சுடும் போட்டியிலிருந்து பாதியிலேயே வெளியே அனுப்பியவரைத்தான்.

நான் வெஸ்ட்மீட்டில் ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறவள். “மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க” என்று நாள் முழுக்க ஊருக்குச் சொல்வதுதான் பிழைப்பு. என்னோடு வேலை பார்க்கும் ஆஸ்திரேலியப் பெண் ஒருத்தி, பண்ணை வீட்டில் வளர்ந்தவள், ஒரு சனிக்கிழமை தன் துப்பாக்கி கிளப்புக்கு வந்து பார் என்று கூப்பிட்டாள். எனக்கு அப்போது வயது நாற்பத்தெட்டு. எனக்குச் சுட்டுப்போட்டாலும் விளையாட்டு வராது என்று பள்ளிக்கூடத்து பி.டி. டீச்சரே கைகழுவிய ஆள் நான். ஆனால் அன்று மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றேன். பத்து இரும்புத் தகடுகளில் எட்டு விழுந்தன. அடுத்தவர்களுக்குச் சொன்னதை நானே செய்தால் பலன் இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது.

என் கணவர் கரப்பான்பூச்சியைக்கூட முறத்தில் ஏந்தி வெளியே விட்டு வருகிறவர். துப்பாக்கி லைசென்ஸுக்கு எழுதிப் போட்டேன் என்றதும் மூன்று நாள் பேசவில்லை. வகுப்பு, பரீட்சை, துப்பாக்கியைப் பூட்டி வைக்கச் சுவரோடு சேர்த்துத் திருகிய இரும்புப் பெட்டி, அதைச் சோதிக்க வந்த போலீஸ்காரர் என்று ஒவ்வொன்றாக நடக்க நடக்க அவர் முகம் சுருங்கிக்கொண்டே போனது. இந்த நாட்டுக்கு வந்த பதினாறு வருடத்தில் எனக்கென்று நான் கேட்டது இது ஒன்றுதான். பிள்ளைக்காக இல்லை, மாமியாருக்காக இல்லை, வீட்டுக்காக இல்லை. அதை அப்படியே சொல்லிச் சண்டை போட்டேன். எனக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, பாத்திரம்தான் உருளும். கடைசியில் அவர் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார்.

“தப்பு பண்ணிட்டேன்னு ஒரே ஒரு தடவை உன்னை வெளியே அனுப்பினாங்கன்னா, அதோட விட்டுடணும். சரியா?”

சரி என்றேன். நான் ஏன் தப்பு செய்யப் போகிறேன் என்ற திமிர்தான்.

முதல் மல்டிகன் போட்டிக்கு அவரும் வந்தார். சிட்னிக்கு மேற்கே, புதர்க்காட்டை ஒட்டிய மைதானம். மூன்று பக்கமும் மண்மேடு. ஒரே சுற்றில் மூன்று துப்பாக்கி: முதலில் ரைபிள், பிறகு தோழி இரவல் கொடுத்த இரட்டைக்குழல், கடைசியில் கைத்துப்பாக்கி. ஒன்றைச் சுட்டு, காலி செய்து, அங்கே நிறுத்தியிருக்கும் காலிப் பீப்பாய்க்குள் வைத்துவிட்டு அடுத்ததற்கு ஓட வேண்டும். நேரத்தையும் கணக்கில் எடுப்பார்கள். ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி உண்டு. துப்பாக்கியின் வாய் எப்போதும் மண்மேட்டைப் பார்த்தே இருக்க வேண்டும். பக்கவாட்டுக் கோட்டைத் தாண்டிப் பின்னால் ஒரு விரற்கடை திரும்பினாலும் அன்றைய போட்டி முடிந்தது. சுட்டிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. திரும்பினாலே போதும்.

எங்கள் சுற்றுக்கு நடுவராக இருந்தவர் எழுபதை நெருங்கும் மனிதர், ஓய்வு பெற்ற ரயில் டிரைவர். கையில் நேரக்கருவியோடு சுடுகிறவரின் தோளுக்குப் பின்னால் நிழல் மாதிரி வருவார். பார்வையாளர்கள் அவருக்கும் பின்னால், கயிற்றுக்கு அந்தப் பக்கம். அங்கே என் கணவர் காதுமூடியும் கண்ணாடியுமாக நின்றிருந்தார். கறி சாசேஜ் சாப்பிடாதவர் என்று தெரிந்து, ரொட்டியில் வதக்கிய வெங்காயத்தை மட்டும் வைத்து யாரோ கொடுத்திருந்தார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு, கடிக்காமல், என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ரைபிளில் ஐந்தும் விழுந்தது. இரட்டைக்குழல் தோளை இடித்தது, ஆனாலும் நான்கும் விழுந்தது. கைத்துப்பாக்கியை எடுத்துக்கொண்டு இரண்டாவது இடத்துக்கு நகர்ந்தபோது என் விரல் விசை வளையத்துக்குள் இருந்திருக்கிறது. நடக்கும்போது விரல் வெளியே இருக்க வேண்டும். நடுவர் பின்னாலிருந்து “விரல்!” என்று எச்சரித்தார். அது வெறும் எச்சரிக்கைதான். விரலை வெளியே எடுத்துவிட்டு மேலே போயிருக்கலாம்.

ஆனால் நான் வளர்ந்த வீட்டில், பெரியவர்கள் கண்டித்தால் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. திரும்பி முகத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் தப்புக்கு ஒன்று, மரியாதைக் குறைவுக்கு ஒன்று என்று இரண்டு விழும். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பது சும்மா இல்லை. விரலை எடுத்தேன். எடுத்த கையோடு மரியாதையாக அவர் பக்கம் திரும்பி, முகத்தைப் பார்த்து, “சாரி” என்றேன்.

கையில் இருந்த துப்பாக்கியும் என்னோடு திரும்பியது.

“நில்!” என்றார். அடுத்த கணம் என் முழங்கையைப் பிடித்து மண்மேட்டின் பக்கம் தள்ளியிருந்தார். நிதானமாக ஒவ்வொன்றாகச் சொன்னார். தோட்டாக்களை எடுக்கச் சொன்னார், காலியாகிவிட்டதா என்று காட்டச் சொன்னார், உறையில் போடச் சொன்னார். பிறகுதான், வருத்தமாக இருக்கிறது, இன்றைக்கு உனக்குப் போட்டி முடிந்தது என்றார்.

கயிற்றைத் தாண்டி என் கணவர் விறுவிறு என்று வந்தார். காதுமூடியில் அவருக்கு ஒன்றும் கேட்டிருக்கவில்லை. தன் மனைவியை ஒரு பெரியவர் பிடித்துத் தள்ளியதை மட்டும் பார்த்திருந்தார். இதோடு ஒழிந்தது என்று சந்தோஷப்படுவார் என்று நான் நினைத்தேன். அவரோ, நான் சாரி சொல்லத் திரும்பியதற்கு அனுப்புகிறார் என்றதும், நடுவரிடம் சண்டைக்குப் போய்விட்டார். அவள் சுடவே இல்லையே, மன்னிப்புத்தானே கேட்டாள், எங்கள் ஊரில் அது மரியாதை, மூன்று மாதமாகச் சமையலறையில் துப்பாக்கிக்குப் பதில் மரக்கட்டையை வைத்துப் பழகியிருக்கிறாள், இன்னொரு வாய்ப்புக் கொடுங்கள் என்று மூச்சுவிடாமல் பேசினார். எனக்காக யாரிடமும் அவர் அப்படிக் குரல் உயர்த்தி நான் பார்த்ததில்லை.

வாயை மூடிக்கொண்டிருந்தால் அன்றைக்கு என் கட்சிக்கு ஆள் கிடைத்திருப்பார். நிபந்தனையும் காற்றோடு போயிருக்கும். ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

“என்னங்க, அவர் பண்ணினதுதான் சரி. நான் திரும்பினப்போ துப்பாக்கி உங்களைத்தான் பாத்துச்சு.”

அவர் தான் நின்றிருந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தார். ரொட்டி கீழே கிடந்தது. அதைப் பார்த்துவிட்டு நடுவரிடம் கையை நீட்டினார். அந்த மனிதர் அதை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். தானும் ஒரு தடவை இப்படி வெளியே அனுப்பப்பட்டவன்தான் என்று சொன்னார்.

வெளியே அனுப்பப்பட்டவர்கள் வீட்டுக்கு ஓடிவிடுவதில்லை என்பது அந்த கிளப்பின் வழக்கம். மற்றவர்கள் சுட்டு முடித்த காகித இலக்குகளின் ஓட்டைகளில் ஒட்டுத்தாள் ஒட்டுவார்கள், விழுந்த தகடுகளை நிமிர்த்துவார்கள். நானும் ஒட்டினேன். யாரும் கிண்டல் செய்யவில்லை, யாரும் அளவுக்கு மீறி ஆறுதலும் சொல்லவில்லை. என் கணவரும் ஒரு சுருள் ஒட்டுத்தாளை வாங்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து ஒட்டினார். மாலை வரை ஒட்டினோம்.

வீடு திரும்பும்போது, நெடுஞ்சாலையில் பாதி தூரத்தில், லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்று நான்தான் ஆரம்பித்தேன். வாக்கு வாக்குதான், எனக்கு அழுகை வந்தாலும் வாக்குதான். என்னால் என் கணவர் மேல் குண்டு பாயாமல் போனதற்கு அந்த ரயில் டிரைவரை நினைத்துக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போல இருந்தது. அதையும் சொன்னேன்.

என் கணவர் ஓட்டிக்கொண்டே சொன்னார்: “விட வேண்டாம். ஆனா அவர் உன் பின்னாடி நிக்கற நாள்ல மட்டும் போ.”