இரண்டு தகப்பன்மாருக்கும் ஒரே எழுத்து

டென்மார்க்கின் இக்காஸ்ட் நகரில் நான் வேலை செய்யும் அச்சகத்தில் மூன்று பேர் இருக்கிறோம். முதலாளி டேனிஷ்காரர். இயந்திரங்களைப் பார்ப்பவர் போலந்துக்காரர். பக்கம் வடிவமைப்பதும், அச்சுக்குப் போகுமுன் பிழை பார்ப்பதும் என் வேலை. யாழ்ப்பாணத்தில் ஒரு நாளிதழில் ஒப்புநோக்குநராக இருந்தவன் நான். அங்கே பழகிய ஒரு வழக்கத்தை இன்றுவரை விடவில்லை. ஒரு விடயத்தில் இரண்டு தரப்பு இருந்தால், இரண்டு தரப்பும் அச்சுப் படியைப் பார்த்துச் சரி சொல்லும்வரை அச்சுக்கு அனுப்ப மாட்டேன். முதலாளிக்கு இது நேர விரயம். சென்ற ஆண்டு இந்த வழக்கத்தால் ஒரு கல்யாணம் கிட்டத்தட்டக் குழம்பிப் போனது.

கல்யாணப் பெண்ணின் தகப்பன் எனக்குப் பழைய நண்பர். துணி ஆலையில் சாயம் போடும் பகுதியில் பல வருடம் ஒன்றாக நின்றோம். வியட்நாமின் சைகோனில் பிறந்த சீனர். பெற்றோர் தென்சீனத்தின் தியோச்சியூ பகுதியிலிருந்து வந்தவர்கள். ஆலையில் தமிழரோடு ஒரே ஷிஃப்டில் நின்றதில் 'ஓம்', 'அண்ணை' என்ற இரண்டு சொல்லையும் பிடித்துக்கொண்டார். என்னைவிட மூத்தவர், ஆனாலும் நான் அண்ணை. மேற்பார்வை பார்த்த டேனிஷ் பெண்ணும் அவருக்கு அண்ணைதான். மற்றபடி நாங்கள் இருவரும் கதைப்பது டேனிஷில். அதை இங்கே எங்கள் பேச்சில் எழுதுகிறேன்.

கார்த்திகை மாதக் கடைசியில் அவர் அழைப்பிதழ் அடிக்க வந்தார். டேனிஷிலும் சீனத்திலும் வர வேண்டும். கடித உறைகளில் ஒட்ட விலாசப் பட்டியலும் கொண்டுவந்தார். அந்தப் பட்டியலில் ஒரு விடயம் என் கண்ணில் பட்டது. அவருடைய குடும்பப் பெயர் த்ரான். ஹொங்கொங்கில் இருக்கும் கூடப்பிறந்த அண்ணருக்கு சான் என்று எழுதியிருந்தது. பினாங்கில் இருக்கும் சித்தப்பாவின் மகனுக்கு டான்.

"உங்கடை அண்ணருக்கு ஏன் வேறை பேர்?" என்று கேட்டேன்.

"ஒரே எழுத்துத்தான் அண்ணை. வாய்தான் வேறை."

பேனாவை வாங்கி அந்த எழுத்தை எழுதிக் காட்டினார். இடது பக்கம் காது மாதிரி ஒரு வளைவு, வலது பக்கம் நெருக்கமான கோடுகள். இந்த எழுத்தை வடக்கில் சென் என்று வாசிப்பார்கள். கன்டனில் சான். அவருடைய தியோச்சியூ பேச்சில் டான். ஹக்கா பேசுகிறவர்களுக்குச் சின். வியட்நாமில் த்ரான். கப்பலால் இறங்கியவன் எந்தப் பேச்சில் பெயர் சொன்னானோ, துறைமுகத்தில் இருந்த எழுதுவினைஞன் அதைத் தன் காதுக்கு எட்டிய மாதிரி எழுதினான். சைகோனில் அப்படி எழுதிய காகிதத்தோடு இவர் அகதியாக டென்மார்க்குக்கு வந்தார். அண்ணர் அதற்கு முன்பே ஹொங்கொங் போய்விட்டார்.

"உங்கடை பேர் எங்கையிருந்து வந்தது?" என்று அவர் என்னைக் கேட்டார்.

"அப்பான்ரை பேர்."

"அவருக்கு?"

"அவற்றை அப்பான்ரை பேர்."

டென்மார்க் வந்த முதல் வாரம் கொம்யூன் என்ற நகரசபை அலுவலகத்தில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அப்பாவின் பெயரை எழுதினேன். என் மனைவிக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் அதுவே ஆயிற்று. வரிக் கடிதம் இன்றும் டென்மார்க்கைக் கண்ணால் காணாத என் அப்பாவின் பெயரில்தான் வருகிறது. இதைச் சொன்னதும் அவர் நெடுநேரம் சிரித்தார்.

"உங்களுக்கு ஒரு தலைமுறைக்கு ஒரு பேர். எங்களுக்கு மூவாயிரம் வருசத்துக்கு ஒரு பேர்."

அந்த எழுத்து ஒரு நாட்டின் பெயராம். பழைய அரசன் ஒருவனின் வழிவந்தவருக்கு, புதிதாக ஆட்சிக்கு வந்த அரசன் கொடுத்த சிறு நாடு, மஞ்சள் ஆற்றுக்குத் தெற்கே. பக்கத்து நாடு அதை விழுங்கியபோது ஆண்டவர்களின் பிள்ளைகள் சிதறிப் போனார்கள். நாட்டின் பெயரை மட்டும் தங்களோடு கொண்டுபோனார்கள். பிறகு அவர்களின் வாரிசுகள் தெற்கே இறங்கி, கடலோர மாகாணங்களுக்கும் அங்கிருந்து கப்பலேறி வெளிநாடுகளுக்கும் போனார்கள். பின்னர் நூலகத்தில் தேடிப் பார்த்தேன். அவர் சொன்னதில் பிழை இல்லை. ஆனால் அந்தப் பெயரை வைத்திருக்கும் எல்லோரும் அந்த அரச வழி அல்ல, இடையில் வேறு ஆட்களும் அந்தப் பெயரை எடுத்திருக்கிறார்கள் என்றும் எழுதியிருந்தது. அதை நான் அவருக்குச் சொல்லவில்லை.

மாப்பிள்ளை மலேசியாவின் சரவாக்கில் சிபு என்ற ஊர்ப் பையன். டென்மார்க்குக்கு வந்து ஓல்போர்க்கில் பொறியியல் படித்து அங்கேயே வேலையில் இருக்கிறான். குடும்பப் பெயர் டிங். நண்பர் தன் கையாலேயே மாப்பிள்ளை வீட்டாரின் பெயர்களைச் சீனத்தில் எழுதித் தந்தார். டிங் என்பதற்கு அவர் எழுதியது இரண்டே கோடு. சுவரில் அடித்த ஆணி போல இருந்தது. ஆணி என்றும் அதற்கு ஒரு அர்த்தம் உண்டு என்றார்.

எழுத்துகளை அடுக்கி, படியை அவருக்கும் சிபுவிலிருந்த மாப்பிள்ளையின் தகப்பனுக்கும் அனுப்பினேன். சீனம் எனக்கு வாசிக்கத் தெரியாது. வடிவத்தை வடிவத்தோடு ஒப்பிடத் தெரியும், அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் சிபுவிலிருந்து படி திரும்பியது. மாப்பிள்ளையின் தகப்பன் தன் பெயரில் முதல் எழுத்தைச் சிவப்பால் வெட்டிவிட்டு, பக்கத்தில் வேறொன்று எழுதியிருந்தார். இடது பக்கம் காது, வலது பக்கம் நெருக்கமான கோடுகள். பெண்ணின் தகப்பனுடைய பெயரில் மேலே இருந்த அதே எழுத்து. இரண்டையும் பெரிதாக்கி, கோடு கோடாக எண்ணிப் பார்த்தேன். ஒன்றேதான். மனிதர் வரி மாறித் திருத்திவிட்டார் என்று நினைத்தேன். நாளிதழில் இப்படி எத்தனையோ நடந்திருக்கிறது. நண்பருக்குத் தொலைபேசி எடுத்து, "உங்கடை சம்பந்தி உங்கடை எழுத்தைத் தன்ரை பேரிலை போட்டிருக்கிறார்" என்று சொன்னேன்.

அவர் வேலை முடிந்த கையோடு வந்தார். திரையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"இவங்கடை ஆக்கள் சீனாவிலை ஃபூச்சாவ் பக்கம். அவங்கடை வாயிலை இது டிங்."

"அப்ப சரிதானே? மாத்திவிடட்டோ?"

"அடிக்க வேண்டாம் அண்ணை. நிப்பாட்டுங்கோ."

ஒரே குடும்பப் பெயர்க்காரர் கல்யாணம் செய்யக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். ஒரு பெயர் என்றால் ஒரு தகப்பன் வழி. பிள்ளைகள் எல்லாம் அண்ணன் தங்கை. எத்தனை தலைமுறை தள்ளி என்று கேட்டேன். கணக்கில்லை என்றார். சீனாவிலேயே இப்போது பலர் இதைப் பார்ப்பதில்லை, சட்டத்திலும் தடை இல்லை என்பது அவருக்குத் தெரியும். அவருடைய வீட்டில் பார்த்தார்கள். அவருடைய அக்கா இதனால் ஒருவரை விட்டுவிட்டு வேறொருவரைக் கட்டினாராம்.

முதலாளி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். தானும் தன் மனைவியும் கல்யாணத்துக்கு முதலே ஒரே குடும்பப் பெயர், நாட்டில் பாதிப் பேருக்கு அந்தப் பெயர்தானே என்றார். நண்பர் தலையை மட்டும் ஆட்டினார். எனக்கு விளங்கியது முதலாளிக்கு விளங்கியிராது. எங்களிலும் மாமன் மகளைக் கட்டலாம்; ஆனால் சித்தப்பாவின் மகளைக் கட்டலாம் என்று யாரும் வாயெடுக்க மாட்டார்கள்.

இத்தனை நாள் இது எப்படித் தெரியாமல் போனது என்று யோசித்தேன். இரண்டு வீட்டாரும் வீடியோவில்தான் கதைத்திருக்கிறார்கள், இருவருக்கும் அரைகுறையான மன்டரின் என்ற பொதுச் சீனத்தில். ஒருவரையொருவர் சம்பந்தி என்று கூப்பிட்டார்களே தவிரப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. பையனுக்குச் சீனம் வாசிக்கத் தெரியும், ஆனால் த்ரான் என்பது வியட்நாமியப் பெயர் என்று நினைத்திருக்கிறான். பெண் இக்காஸ்டில் பிறந்தவள், வாசிக்கத் தெரியாது. நண்பர் தன் வாழ்நாளில் ஒரு ஃபூச்சாவ் மனிதரைக் கூடச் சந்தித்ததில்லை.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன்.

"நீங்கள் பேசாமல் அடிச்சுக் குடுத்திருக்கலாமே?"

"பிழை எண்டு நினைச்சன்."

"பிழை பிடிச்சுப் பிடிச்சு இப்ப ஒரு பெட்டையின்ரை கலியாணத்தையும் பிடிச்சு நிப்பாட்டியாச்சு. போங்கோ, போய்ச் சாப்பிடுங்கோ."

இரண்டு நாள் கழித்துப் பெண்ணே அச்சகத்துக்கு வந்தாள். பராமரிப்பு இல்லத்தில் தாதி. வேலை உடையோடு வந்திருந்தாள். கதைத்தது முழுக்க டேனிஷ். அவனுடைய பெயரும் தன்னுடைய பெயரும் கடவுச்சீட்டில் வேறு வேறு, நகர மண்டபத்தில் பதிவுக்கு நாள் எடுத்தாயிற்று, அப்பா வராவிட்டாலும் தான் கட்டத்தான் போகிறேன் என்றாள். இதைச் சொல்லிவிட்டு அங்கேயே கதிரையில் இருந்து அழுதாள்.

அவள் அழுதது தேநீருக்காக. அவர்கள் கல்யாணத்தில் பதிவு, விருந்து எல்லாவற்றையும் விட முக்கியமானது அது. மணமக்கள் மண்டியிட்டு இரண்டு வீட்டுப் பெரியவர்களுக்கும் தேநீர் கொடுப்பார்கள். வாங்கிக் குடித்தால் சம்மதம், ஆசீர்வாதம் இரண்டும் ஆயிற்று. அவள் ஒரே பிள்ளை. தன் கையால் அப்பா தேநீர் வாங்க மாட்டார் என்பதுதான் அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது. அப்பாவிடம் எதையாவது சொல்லச் சொல்லி என்னைக் கேட்டாள். தேவையில்லாமல் தொலைபேசி எடுத்ததற்கு மன்னிப்பு மட்டும் கேட்டேன்.

தை பிறந்து இரண்டாம் கிழமை நண்பர் புதிதாக எழுதிய தாளோடு வந்தார். அவருடைய மனைவி ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். பழைய ஆட்கள் செய்த வழிதானாம். பெண்ணைத் தாய்மாமனுக்குப் பிள்ளையாகக் கொடுத்துவிடுவது. தாய்மாமன் பாரிசில் இருக்கிறார், லாம் என்ற குடும்பம். அவர் வந்து பெண்ணை ஒப்படைப்பார். அழைப்பிதழில் பெண் லாம் வீட்டுப் பெண். எழுத்து வேறு, ஆகவே கல்யாணத்துக்குத் தடை இல்லை.

"அப்ப உங்கடை பேர்?"

"இல்லை."

"தேத்தண்ணி?"

"மச்சான் குடிப்பார்."

புதிய படியை எடுத்துக் கொடுத்தேன். அவர் ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் பார்த்தார். தன் பெயர் இருந்த வரியில் இப்போது மைத்துனரின் பெயர் இருந்தது. "பிழை ஒண்டும் இல்லை" என்று சொல்லி ஒப்பமிட்டார். சிபுவுக்கும் அனுப்பினேன். அங்கிருந்தும் சரி என்று வந்தது. அச்சடித்தோம்.

கல்யாணம் சித்திரையில், ஹொல்ஸ்டெப்ரோவுக்கு வெளியே ஒரு ஊர்ப் பொது மண்டபத்தில் நடந்தது. மேசைகளில் சிறிய டேனிஷ் கொடிகள், சுவரில் சிவப்புக் காகிதம். நண்பர் வாசலில் நின்று வந்தவர்களின் மேலங்கிகளை வாங்கி மாட்டிக்கொண்டிருந்தார். என்னுடையதையும் என் மனைவியுடையதையும் அவரே வாங்கினார். தன் மகளின் கல்யாணத்தில் அவர் எடுத்துக்கொண்ட வேலை அது.

தேநீர் நேரம் வந்தது. முன்னால் இரண்டு பக்கமும் கதிரைகள். பெண் பக்கம் பாரிஸ் மாமாவும் அவர் மனைவியும் பெண்ணின் தாயும். மாப்பிள்ளை பக்கம் சிபுவிலிருந்து வந்த தகப்பனும் தாயும், பிறகு ஒரு வெறுங் கதிரை. நண்பர் மேலங்கிகளுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தார். பாரிஸ் மாமா தேநீரை வாங்கிக் குடித்தார். பெண்ணின் முகத்தில் எதுவும் தெரியவில்லை.

மாப்பிள்ளை பக்கம் போனார்கள். மாப்பிள்ளையின் தகப்பன் கோப்பையை வாங்கவில்லை. எழுந்து மண்டபத்தின் குறுக்கே வாசலுக்கு நடந்து போனார். என்ன கதைத்தார்கள் என்பதை மாப்பிள்ளை எங்களுக்காக ஒலிவாங்கியில் டேனிஷில் சொன்னான்.

முதலில் வயதைக் கேட்டார். நண்பர் சொன்னார்.

"அப்ப என்னைவிட மூண்டு வயது மூப்பு. உங்களுக்கும் எனக்கும் ஒரே எழுத்து. நீங்கள் எனக்கு அண்ணன். என்ரை மகனுக்குப் பெரியப்பா. பெரியப்பா வாசலிலை நிக்க, நான் முதல் தேத்தண்ணியைக் குடிக்கிறதோ?"

"நான் பெண்ணின்ரை—"

"பெண் லாம் வீட்டுப் பெண். அழைப்பிதழிலை அடிச்சிருக்கு. நான் பாத்துச் சரி எண்டு அனுப்பினனான். வாருங்கோ."

நண்பர் நகரவில்லை. மறுப்பதென்றால் ஒரே எழுத்துக்காரர் ஒரே குடும்பம் என்பதை மறுக்க வேண்டும். அதைச் சொல்ல அவரால் முடியாது. கையிலிருந்த யாரோ ஒருவரின் மேலங்கியை என் மனைவியிடம் கொடுத்துவிட்டு, சம்பந்தியின் பின்னால் போய் அந்த வெறுங் கதிரையில் உட்கார்ந்தார்.

மகள் மண்டியிட்டு இரண்டு கையாலும் கோப்பையை நீட்டினாள். வழக்கப்படி அவள் "பெரியப்பா, தேநீர் குடியுங்கள்" என்று சொல்ல வேண்டும். சொல்ல வாய் எடுத்துச் சிரித்துவிட்டாள், பிறகு அழுதாள். அவர் அவசரமாக வாங்கிக் குடித்தார். சூடு என்பது முகத்தில் தெரிந்தது.

தேநீர் குடித்த பெரியவர் பரிசு கொடுக்க வேண்டும். அவரிடம் எதுவும் இல்லை. சட்டைப் பைகளைத் தடவினார். எதிர்ப்பக்கக் கதிரையிலிருந்து அவருடைய மனைவி எழுந்து வந்து, கைப்பையிலிருந்து ஒரு சிவப்புப் பெட்டியை எடுத்து அவர் கையில் வைத்தார். உள்ளே ஒரு காப்பு. மூடியில் நண்பருடைய பெயர் சீனத்தில் எழுதப்பட்டிருந்தது.

சாப்பாட்டு வரிசையில் நண்பரின் மனைவி எனக்கு முன்னால் நின்றார். "உங்களுக்கும் சிபு ஆக்களுக்கும் இது முதலே தெரியுமோ?" என்று கேட்டேன்.

அவர் என் தட்டில் ஒரு துண்டு வாத்து இறைச்சியை வைத்தார். "இந்த முறை ஒருத்தருக்கும் ஃபோன் எடுத்துச் சொல்லாதேங்கோ" என்றார்.