மறுபடியும் முதல் வாரம்

முதல் வாரத்திலிருந்து மறுபடி தொடங்கினால் இதுவரை ஓடியதெல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று போனில் இருந்த ஓட்டப் பயிற்சி ஆப் கேட்டது. பம்பாய் லேபர் கேம்பில் எங்கள் வீட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அந்தக் கேள்வியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஓடிப் பழக்கமே இல்லாதவர்களை அரை மணி நேரம் நிற்காமல் ஓட வைக்கும் பயிற்சி அது. முதல் வாரத்தில் ஒரு நிமிடம் ஓட்டம், பிறகு கொஞ்சம் நடை, மறுபடி ஓட்டம். ஐந்தாம் வாரக் கடைசியில் இடையில் நடையே கிடையாது, ஒரே மூச்சாக இருபது நிமிடம் ஓட வேண்டும். முந்தைய வருடம் அந்த நாளுக்குப் பக்கத்தில் வந்துவிட்டேன். அப்போதுதான் இருமல் தொடங்கியது. தூசி, ஓட்டம் என்று எதையெதையோ காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். மாட்டுங்காவில் நான் வேலை செய்யும் சேலைக் கடையில் ஒரு மதியம் பில் போட்டுக்கொண்டிருந்தபோது இருமி, கைக்குட்டையைப் பார்த்தால் சிவப்பு. பரிசோதனையில் டி.பி. என்று தெரிந்தது.

ஆறு மாதம் மாத்திரை. சிறுநீர்கூட ஆரஞ்சு நிறத்தில் போனது. புடவை கொசுவம் இடுப்பில் நிற்கவில்லை. பக்கத்து வீடுகளிலிருந்து குழம்புக் கிண்ணம் வருவது நின்றது. என் கணவர் விடிந்ததும் தோல் பை பட்டறைக்குப் போய்விடுவார். பகல் முழுக்க என்னைப் பார்த்துக்கொண்டது அவருடைய அக்காதான். புருஷன் இறந்தபின் எங்களோடேயே இருப்பவர், நான் மதினி என்று கூப்பிடுவேன். அவித்த முட்டையை உரித்துக் கையில் கொடுத்துவிட்டு, நான் விழுங்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பார்.

மாத்திரை முடிந்தது. நோய் போய்விட்டது, நுரையீரலில் தழும்பு மட்டும் இருக்கிறது என்றார் டாக்டர். ஓடலாமா என்று கேட்டேன். "பாகோ, லேகின் ஆராம் சே" என்றார். ஓடு, ஆனால் நிதானமாக. ஆனால் ரயில் பாதைக்கு மேலே இருக்கும் நடைபாலத்தில் ஏறுவதற்குள்ளேயே எனக்கு மூச்சு முட்டியது. என்னைவிட மூத்தவர்கள் காய்கறிப் பையோடு என்னைத் தாண்டிப் போனார்கள். அன்று மாலைதான் ஆப்பைத் திறந்தேன். சம்மதம் என்று அழுத்தினேன். ஐந்து வாரமும் அழிந்து பூஜ்யம் ஆனது.

மறுநாள் விடியற்காலையில் ஷூ மாட்டுவதைப் பார்த்த மதினி வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"ஏட்டி, உசுரோட எந்திச்சு வந்ததே பெருசு. இனி ஓடிக் கப்பா வாங்கப் போற?"

"கப்புக்கு இல்ல மதினி. பாலம் ஏறுனா மூச்சு வாங்குது. கடைசிவரைக்கும் இப்படியே ஆயிருமோன்னு பயமா இருக்கு."

மதினி வாசலை விட்டு விலகினார். பிறகு செருப்பைத் தேடினார். "அப்ப நானும் வாரேன். நீ எங்கயாவது விழுந்து கெடந்தா யாரு பாக்கது?"

பக்கத்தில் இருக்கும் ஃபைவ் கார்டன்ஸ் பூங்காவில் மதினி தண்ணீர் பாட்டிலும் துண்டுமாக ஒரு பெஞ்சைப் பிடித்துக்கொண்டார். முதல் ஒரு நிமிட ஓட்டத்தில் பாதியைக்கூட என்னால் தாண்ட முடியவில்லை. மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முன்பு சிரமமில்லாமல் செய்தது இது. அழுகை வந்தது.

"மெதுவாப் போயேன். யாரும் வெரட்டலல்லா!" என்று பெஞ்சிலிருந்து சத்தம் வந்தது.

மெதுவாக என்றால் எப்படி? நடப்பவர்களே என்னை முந்தும் அளவுக்கு. அப்படித்தான் முதல் வாரத்தை முடித்தேன். மூன்றாம் வாரத்தில் காய்ச்சல் வந்தது. நோய் திரும்பிவிட்டது என்றே முடிவுகட்டிச் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டேன். மதினி கையைப் பிடித்து டாக்டரிடம் இழுத்துப் போனார். சாதாரண மழைக்காலக் காய்ச்சல்தான். குணமானதும் ஒரு வாரம் பின்னால் போய், இரண்டாம் வாரத்தை மறுபடி செய்தேன். ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் கைக்குட்டையில் துப்பிப் பார்ப்பது மட்டும் நிற்கவில்லை.

அந்த இருபது நிமிட நாள் வந்தது. இரவெல்லாம் பெய்த மழையில் பாதை முழுக்க ஈர இலை. பாதி நேரம்வரை நன்றாகத்தான் போனது. திடீரென்று நெஞ்சுக்குள்ளிருந்து இருமல் கிளம்பியது. பெஞ்சில் மதினி எழுந்து நின்றுவிட்டார். ஓடிக்கொண்டே கைக்குட்டையை எடுத்து இருமினேன், விரித்துப் பார்த்தேன். வெறும் எச்சில். வெள்ளை வெளேரென்று இருந்தது துணி.

"ஒண்ணுமில்ல மதினி!" என்று கத்தினேன். கத்துவதற்கு எனக்கு மூச்சு இருந்தது! அது புரிந்ததும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அடுத்த சுற்றை ஓடினேன், அதற்கடுத்ததையும். முடிந்தது என்று போன் சொன்ன பிறகும் அடுத்த வளைவுவரை ஓடிவிட்டுத்தான் நின்றேன். மதினி துண்டால் என் முகத்தை அழுத்தித் துடைத்தார். தன் கண்ணையும் முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

அதன்பிறகு எதுவும் என்னை நிறுத்தவில்லை. மழை ஓய்ந்து வெயில் வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் முழுசாக ஓடினேன். அன்று என் கணவரும் வந்திருந்தார். கடைசிச் சுற்றில் பக்கத்தில் ஓடி வந்தவர் பாதியிலேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "நீ போ, நீ போ" என்று கைகாட்டினார்.

பிறகு மூவரும் ஸ்டேஷன் பக்கம் இட்லி சாப்பிடப் போனோம். ஆர்டர் எடுக்க வந்தவரிடம் மதினி தன் பம்பாய் ஹிந்தியில் ஆரம்பித்தார்: "யே ஹமாரா தம்பி கா பீவி. ஆதா கண்டா பாகா. ஏக் பார் பீ நஹி ருக்கா!"

தம்பி பொண்டாட்டி அரை மணி நேரம் ஓடினாளாம், ஒருமுறைகூட நிற்கவில்லையாம். ஆர்டர் எடுக்க வந்தவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "ஷாபாஷ்" என்றார். நான் தலையாட்டிவிட்டு இரண்டு பிளேட் இட்லி எனக்கு மட்டும் சொன்னேன்.