முப்பத்தைந்தாவது வண்டி

பட்டறைக்காரர்கள் அவரை எமன் என்றுதான் கூப்பிடுவார்கள். நசுங்கி வரும் வாகனங்களைப் பார்வையிட்டு, ‘இது இனித் தேறாது’ என்று காப்பீட்டுக் கம்பெனிக்கு எழுதிக் கொடுப்பது அவர் உத்தியோகம். ஆளைப் பார்த்தால் அந்தப் பட்டம் துளியும் பொருந்தாது. ஒடிசலான உடம்பு, கை குலுக்கினால் மன்னிப்புக் கேட்பது போலிருக்கும்.

ஆனால் தொழிலில் ஒரு கண்டிப்பு உண்டு. அடிச்சட்டத்தில் வெட்டியிருக்கும் எண்ணை விரலால் தடவிப் பார்க்காமல் எந்த வண்டிக்கும் சாவு எழுத மாட்டார். எரிந்து கரிக்கட்டையாகிக் கிடந்தாலும் சரி, தரையில் மல்லாந்து படுத்து, கையை உள்ளே விட்டுத் தடவிவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

பகலெல்லாம் சாவு எழுதிய மனிதர், ஞாயிற்றுக்கிழமைகளில் உயிர்களை எண்ணினார். இரண்டே பேர் உட்காரக்கூடிய பழைய பந்தயக் கார் ரகம் ஒன்று. மொத்தம் தொண்ணூற்றேழு செய்துவிட்டு, அந்தக் கம்பெனி கதவைச் சாத்திக்கொண்டது. அவற்றில் இன்னும் எத்தனை மிச்சம் என்பதை உலகம் அவரிடம் கேட்கவில்லை. அதற்காக அவர் சொல்லாமல் இருந்துவிடவில்லை.

உதிரிபாகக் கடைக்காரரின் நோட்டில் முப்பது கார்கள். வருடாந்தர ஊர்வலத்துக்கு வந்தவை இருபத்தெட்டு. இரண்டிலும் இருந்தவை இருபத்துநாலு. ஆக, கண்ணுக்குத் தெரிந்தவை முப்பத்துநாலு.

“தெரியாததை எப்படிங்க எண்ணுவீங்க?” என்று மனைவி கேட்டாள், வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

“குளத்துல மீனை எண்ணுற மாதிரிதான். முதல் வலையில விழுந்ததே ரெண்டாவது வலையிலயும் நிறைய விழுந்தா, வெளியில அதிகம் இல்லைன்னு அர்த்தம். முப்பதை இருபத்தெட்டால பெருக்கு, இருபத்துநாலால வகு. முப்பத்தஞ்சு.”

“வீட்டுல கேஸ் தீர்ந்து ரெண்டு நாளாச்சு. அது எந்த வலையிலயும் விழலையா?”

வேடிக்கை என்னவென்றால், எந்த வருடம் கணக்குப் போட்டாலும் விடை பட்டியலைவிட ஒன்று கூட இருக்கும். கார்கள் எரியும், விற்பனையாகும், புதிதாகக் கண்ணில் படும். அந்த ஒன்று மட்டும் அசையாது. யாரோ கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, கூப்பிடட்டும் என்று காத்திருப்பது போல.

அது எது என்று அவருக்கும் தெரியும், முன்னறையில் இருக்கும் அண்ணிக்கும் தெரியும். நாற்பத்தோராம் எண் வண்டி. பத்தொன்பது வருடம் முன்பு, பெட்ரோல் போட்டுவிட்டு வருகிறேன் என்று அண்ணன் எடுத்துப் போனது. நீர்த்தேக்கக் கரையில் சக்கரத் தடம் தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. மூழ்கித் தேடியவர்கள் சேற்றைத் தவிர எதையும் காணவில்லை. எமன் தன் வாழ்நாளில் ஒரே ஒரு முறை, எண்ணைத் தடவாமல், கரையில் நின்றபடியே சாவு எழுதினார். வண்டிக்கு.

அண்ணனுக்கு எழுத வேண்டியது அண்ணி. இறந்ததாக அறிவிக்கக் கோரும் படிவம் அவள் மேசை இழுப்பறையில் கிடந்தது. வீடு அண்ணன் பெயரில் இருந்தது. அதை விற்றுவிட்டு மகளிடம் போய்விட வேண்டும் என்பது அவள் ஆசை. ஆனாலும் பேனாவைத் தொட மாட்டாள்.

“உங்க கணக்கும் பட்டியலும் ஒண்ணாகட்டும், தம்பி. அன்னைக்குப் போடுறேன்.”

இந்த வருடம் மழை ஏமாற்றியது. நீர்த்தேக்கத்தின் அடி தெரிந்த மறுநாள், காவலாளி போன் செய்தார்.

நடுப்பகலில் எமன், மனைவி, அண்ணி என்று மூன்று பேரும் போனார்கள். வெடித்த சேற்றின் நடுவே, யாரோ ஒழுங்காக நிறுத்திவிட்டுப் போனது போல அது நின்றிருந்தது. கூரைத்துணி மக்கிப் போயிருந்தது. உள்ளே எலும்பு இல்லை, செருப்பு இல்லை, சேறு மட்டும்தான். எமன் படுத்துக் கையை உள்ளே விட்டார். விரலுக்கு எண் தட்டுப்பட்டது. நாலு, ஒன்று. அந்த உச்சி வெயிலிலும் இரும்பு சில்லென்றிருந்தது.

அண்ணி ஓட்டுநர் பக்கம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஓட்டிட்டு வந்து விழுந்த வண்டி நியூட்ரல்ல இருக்குமா, தம்பி?”

“இத்தனை வருஷத் தண்ணியில எதுவும் நகரும், அண்ணி.”

“ஹேண்ட்பிரேக்கும் இறங்கித்தான் இருக்கு.”

“அதுவும்தான்.”

“சாவி?”

சாவித்துளையில் சேறுகூட இல்லை. எமன் தன் அனுபவம் முழுவதையும் துழாவினார். சாவியைக் கழற்றிக்கொண்டு போகும் தண்ணீரை அவர் எந்த அறிக்கையிலும் எழுதியதில்லை.

“பின்னாடி நின்னு தள்ளிவிட்டிருக்காரு,” என்றாள் அண்ணி, பால் பொங்கிவிட்டது என்று சொல்வது போல.

வீடு திரும்பியதும் அவள் படிவத்தை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் விரித்தாள். “இப்ப உங்க பட்டியல்லயும் முப்பத்தஞ்சு. கணக்கு சரியாயிடுச்சில்ல?”

“அண்ணி, அவர் உயிரோட...”

“பத்தொம்பது வருஷம், செத்திருப்பாரோன்னு நினைச்சுத்தான் கையெழுத்துப் போட மனசு வரலை. இப்ப அந்தக் கவலை விட்டுச்சு.” நிதானமாகக் கையெழுத்திட்டு, படிவத்தை அவர் பக்கம் திருப்பினாள். “சாட்சி நீங்கதான்.”

“தொட்டுப் பார்க்காம நான் போடுறதில்லை, அண்ணி.”

“ஒரு தடவை போட்டீங்களே. அதை நம்பித்தானே இத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தேன்.”

எமன் போட்டார். கையெழுத்து அவருடையது போலவே இல்லை.

பிறகு, பழக்க தோஷம், பட்டியலை எடுத்து நாற்பத்தொன்றை முதல் வலையில், கடைக்காரர் நோட்டுக் கணக்கோடு, சேர்த்தார். முப்பது முப்பத்தொன்றானது. வலை மாறினால் கணக்கையும் புதிதாகப் போட வேண்டும். இருபத்தெட்டால் பெருக்கி, இருபத்துநாலால் வகுத்தார். நம்பாமல் மனைவியிடம் நீட்டினார். அவள் போனில் தட்டிப் பார்த்துவிட்டு, முதன்முறையாகக் கிண்டல் எதுவும் செய்யாமல் போனை மேசையில் வைத்தாள்.

முப்பத்தாறு. மறுபடியும் பட்டியலைவிட ஒன்று கூட, கொசுறாக இன்னும் கொஞ்சம்.

மூவரும் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாசல் பக்கம் திரும்ப யாருக்கும் தோன்றவில்லை.