சாகாமக் குளத்தில் கடல்வலை

கல்முனைச் சந்தையில் இன்று ஒரு மீன்கூடையிலிருந்து வந்த குளத்துச் சேற்று வாடை என்னை 1979 மாசிக்கு இழுத்துப் போனது. முந்திய கார்த்திகைப் புயலில் எங்கள் தோணி உடைந்திருந்தது. மிஞ்சியது ஒரு வலை மட்டும்.

வீட்டில் அரிசி தீர்ந்த மறுநாள் வாப்பா அந்த வலையோடு உம்மாவையும் பிள்ளைகள் எங்களையும் சாகாமக் குளத்துக்குக் கூட்டிப்போனார். மாரி முடிந்தும் தண்ணீர் குளிர்ந்து கிடந்ததால் மீன்கள் கரைக்கு வரவில்லை. வாப்பா கடலில் செய்வதுபோலவே ஈயக்குண்டுகளோடு வலையை ஆழத்தில் இறக்கினார். சில மீன்கள் பட்டன. ஆனால் குண்டுகள் சேற்றில் புதைந்து, புயலில் விழுந்த மரத்தின் கிளைகளில் வலை சிக்கிக்கொண்டது.

"இழுங்களன்," என்றார் உம்மா.

"இழுத்தாக் கிழியும். சித்திரையில மத்தவன்ட தோணியில கடலுக்குப் போகக்குள்ள என்னத்தக் கொண்டு போற?"

"கடலக் கட்டி ஆண்ட மனிசன், குளத்துக்குப் பயப்பிடுறார்."

வாப்பா கயிற்றைப் பிடித்து நிற்க, உம்மா சேலையை இறுக்கிச் செருகிக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் இறங்கினார். மூழ்கி மூழ்கி, கண்ணி கண்ணியாக வலையை விடுவித்தார். அது தளரத் தளர மீன்கள் நழுவிப்போயின.

கரையேறியபோது உம்மாவின் உதடு நீலம் பாரித்திருந்தது.

"அல்ஹம்துலில்லாஹ், வல தப்பிட்டு," என்றார் வாப்பா.

உம்மா சேலையைப் பிழிந்தார்.

"ஓம். கொண்டு வாங்க, அதையே அவிச்சிப் புள்ளையளுக்குக் குடுப்பம்."