ஒன்பதாவது தடவையாகப் பேய் பார்க்க வந்தவர்

போன ஞாயிறு மத்தியானம் கொட்டாஞ்சேனைக்குப் பேய்ப்படம் பார்க்கப் போனேன். தனியாகத்தான். மகள் லண்டன் போன பிறகு எனக்கு எல்லாமே தனியாகத்தான் — பேய் உட்பட.

தியேட்டரில் ஒரு கிழமைகூட ஓடாத படம். இப்போது பார்த்துச் சிரிப்பதற்கென்றே மாதம் ஒருமுறை ஒரு சின்ன மண்டபத்தில் போடுகிறார்கள். பிந்திப் போனால் கதிரை இல்லை. இளசுகள் முகம் முழுக்கப் பவுடர் அப்பிக்கொண்டு வருகிறார்கள். ஏனென்றால் படத்தில் பேயின் மேக்கப்பே அதுதான். பவுடர், ஒரு வெள்ளை பெட்ஷீட். கையில் மணிக்கூடு வேறு... கழற்ற மறந்துவிட்டார்களாம்.

கதை? வெள்ளவத்தை ஃபிளாட் ஒன்றில் தனியே இருக்கும் பெரியவர் செத்துப்போகிறார். மூன்று நாளாகியும் ஒருவருக்கும் தெரியவில்லை. பொறுத்துப் பார்த்துவிட்டு, அதை அறிவிக்க அவரே பேயாகிக் கதவு கதவாகத் தட்டுகிறார். ஒரு வீட்டில், "டொனேஷனோ? போன கிழமைதானே தந்தனாங்கள்" என்று சாத்துகிறார்கள். அடுத்த வீட்டில், "லிஃப்ட் வேலை செய்யுதோ?" என்கிறார்கள். பேய் பணிவாக, "ஓம், செய்யுது" என்கிறது.

மண்டபமே அந்த வசனங்களைக் கூடச் சொல்கிறது. நானும் கண்ணில் நீர் வரச் சிரித்தேன். பிறகுதான் யோசித்தேன் — நானும் வெள்ளவத்தை ஃபிளாட்தான். என் மாடியில் ஆறு வீடு. எத்தனை பேரின் பெயர் எனக்குத் தெரியும்?

பக்கத்துக் கதிரையில் எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா. அவர் மட்டும் சிரிக்கவேயில்லை. பேய் வரும்போதெல்லாம் முன்னால் சாய்ந்து பார்த்தார்.

நடுவில் புரொஜெக்டர் சூடாகி நின்றுவிட்டது.

"முதல் தரமோ, பிள்ளை?" என்று கேட்டார்.

"ஓம் அம்மா. நீங்கள்?"

"இது ஒன்பதாவது."

"அவ்வளவு பிடிச்சுப் போச்சோ?"

"இல்லை. எனக்குப் பேயெண்டால் பயம்." கைக்குட்டையை மடித்தார். "அந்தப் பேய் என்ரை அவர்."

புதுக்கடைக் கோர்ட்டடியில் ஒரு லோயரிடம் கிளார்க்காக இருந்தவராம். படம் எடுத்த பெடியள் கேட்டதற்காக நடித்தாராம். படம் வெளிவர முன்பே மாரடைப்பு. தன்னைத் திரையில் அவர் பார்க்கவேயில்லை.

"படத்தைப் போனிலை போட்டுத் தரமாட்டினமோ?" என்றேன்.

"தந்தவை. வீட்டிலை தனிய இருந்து பாக்க ஏலாமல் கிடக்கு. இஞ்சையெண்டால் இவ்வளவு சனம் அவரோட கதைக்குது."

படம் திரும்பத் தொடங்கியது. ஒருவரும் காது கொடுக்காத பேய், படியில் குந்தி, "சரி, நாளைக்குப் பாப்பம்" என்றது. மண்டபம் முழுக்க ஒரே குரலில் அதைச் சொன்னது. அம்மாவின் உதடும் அசைந்தது. என்னால் சிரிக்க முடியவில்லை.

வெளியே, பவுடர் முகங்கள் அந்த அம்மா ஆரென்று தெரியாமலே தாண்டிப் போயின.

"நீங்கள் ஆரெண்டு இவைக்குச் சொல்லலாமே?"

"சொன்னால் இரக்கப்படுவினம், பிள்ளை. பிறகு சிரிக்க மாட்டினம்."

பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியில் இதை எழுதட்டுமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "பேர் போடாமல் எழுதும்" என்றார்.

போடவில்லை. அந்தப் படத்துக்குப் போகிறவர்களே, உங்களிடம் ஒன்றே ஒன்று — தயவுசெய்து நன்றாகச் சத்தம் போட்டே சிரியுங்கள்.